மண்திட்டின் மேல் இரண்டு பெயர்கள்

நவ. 11, செவ்வாய்

படகு கிடைத்துவிட்டது. சொன்னவர் கடலோர போலீஸ் ஏட்டு, போனில், காலை 6.40. முகத்துவாரத்துக்குத் தெற்கே, கவிழ்ந்த நிலையில், எஞ்சின் இல்லாமல். படகில் யாரும் இல்லை. முனுசாமியை இன்னும் காணவில்லை. இன்றோடு இரண்டாம் நாள்.

மழை விட்டிருக்கிறது. வாடைக் காற்று மட்டும். குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன், இந்த வருடத்தில் இரண்டாவது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு, அங்கிருந்து ஆட்டோவில் குப்பம். போய்ச் சேர ஒன்பதரை. தேசப்பன் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தார். முனுசாமியின் தம்பி. படகில் போனது இவர்கள் இருவர்தான், திரும்பி வந்தது இவர் மட்டும். இரண்டு உள்ளங்கையையும் கயிறு அறுத்திருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே கதை, நேரம் மட்டும் ஒருமுறை ஐந்து நிமிடம் தள்ளியது. இட்டுக்கட்டிச் சொல்பவர்களுக்கு நேரம் தள்ளாது.

குறித்துக்கொண்டது: திங்கள் விடிவதற்கு முன் 4.10, கரையிலிருந்து புறப்பாடு. 4.35, முகத்துவாரம், ஏரி கடலோடு சேரும் வாய். மணல் தூர்ந்து வாய் குறுகியிருக்கிறது, ஒரு படகு போகத்தான் வழி. அங்கே அலை பக்கவாட்டில் அடித்தது. கவிழ்ந்தது. தேசப்பன் வடக்கே மண்திட்டுக்கு நீந்தினார். அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்தபடி படகோடு தெற்கே போனார்.

"அண்ணே உடு, போட்ட உட்டுட்டு வானு கத்தினேன் யக்கா. எஞ்சின் பூடும்டா, எஞ்சின் பூடும்டானு சொல்லிக்கினே போனாரு. வன்னி இழுக்குது, தெக்கால தான் போவும். கொஞ்ச நேரம் தல தெரிஞ்சிது. அப்பால அதுவும் இல்ல."

வன்னி: வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். இந்த மாதத்தில் அதுதான் ஓடும் என்று கேட்ட அத்தனை பேரும் சொன்னார்கள். ஊர்ப் படகுகள் ஆறு தெற்கே தேடிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்து வீடு முனுசாமியுடையது. மனைவி பவானி அழவில்லை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கணக்கெடுப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது யக்கா. நீ எழுதினா தான் ஆபீசருங்க பெரிய போட்டு அனுப்புவாங்க. எம் பொண்ணு நைனா எப்ப வரும்னு கேக்குது. நான் இன்னானு சொல்றது?"

எழுதுகிறேன் என்றேன். வேறு எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பகல் 1.00. சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர், போனில். "மேடம், முகத்துவாரம்னா என்னன்னே பாதி வாசகருக்குத் தெரியாது. அனிமேஷனா காட்டுவோம். வீடியோ வேணாம், யாரும் அழுத்தறதில்ல. ஜிஃப் போதும், அதுவா ஓடும்." மீஞ்சூரில் ஒரு பெண் இருக்கிறாராம், பெயர் ஸ்டெல்லா, நமக்கு ஏற்கெனவே தேர்தல் படங்கள் செய்து கொடுத்தவர். நாளை காலை அங்கே.

முட்டி வலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவ. 12, புதன்

தூறல். மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து நடை.

ஸ்டெல்லாவுக்கு முப்பதுக்குள் இருக்கும். வீட்டிலிருந்தே வேலை, விளம்பரக் கம்பெனிகளுக்கு மோஷன் கிராஃபிக்ஸ். கணவர் ஆலை ஷிப்ட் முடிந்து உள்ளறையில் தூக்கம். அதனால் பேச்செல்லாம் தணிந்த குரலில்.

"நேத்து இதே மிஷின்ல பல்பொடி டப்பா சுத்திக்கினு இருந்துது மேடம். இன்னிக்கு இது." திரையில் வரைபடத்தை விரித்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தார். "எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு இருந்திருப்பாரு?"

தெரியவில்லை என்றேன். தெரியாததைப் படத்தில் காட்டக் கூடாது என்றும் சொன்னேன். தேசப்பன் கண்ணால் பார்த்த இடம் வரை கோடு. அதற்குப் பிறகு நிறுத்தம்.

பதினொன்றரைக்குள் படம் தயார். பதினெட்டு விநாடி. கரையிலிருந்து படகு, முகத்துவாரம், அலை, கவிழ்தல். பிறகு இரண்டு புள்ளிகள். ஒன்று வடக்கே மண்திட்டுக்கு, இன்னொன்று தெற்கே. அருமையான வேலை. அலை வருவதைப் பார்க்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜிஃப்பாக வெளியே எடுத்ததும் 61 எம்பி. நம் இணையதளம் ஏற்பது ஐந்து.

"ஜிஃப்புக்கு 256 கலருக்கு மேல தெரியாது மேடம். அதோட படிப்பு அவ்ளோதான்" என்றார் ஸ்டெல்லா. ஆனால் கோப்பு மட்டும் யானை. ஒவ்வொன்றாகக் குறைத்தோம்:

அகலம் 1920, பிறகு 640.
விநாடிக்கு 25 படம், பிறகு 10.
நிறம் 256, பிறகு 64, பிறகு 32.
நிறங்களைப் பொடிப்பொடியாகத் தூவிக் கலந்து காட்டும் வசதி ஒன்று உண்டு. அதுவும் எடை, எனவே நிறுத்தம்.
அடியில் ஓடிய விளக்க வரி. 640இல் தமிழ் எழுத்து கலங்கியது. நீக்கம். செய்தியிலேதான் எல்லாம் எழுதியிருக்கிறேனே.

என்னிடம் கேட்டு முடிவெடுத்தவை இரண்டு. முனுசாமியின் புள்ளிக்கு என்ன நிறம்? "சிவப்பு போட்டுடறேன், பளிச்சுனு தெரியும்" என்றார். வேண்டாம் என்றேன். உயிரோடு இல்லை என்று யாரும் உறுதி செய்யவில்லை, அந்த வீட்டில் இதைப் பார்ப்பார்கள். சாம்பல் கலந்த நீலம் போதும். தம்பிக்கு வெள்ளை.

அடுத்தது பெயர்கள். புள்ளியோடு சேர்ந்து பெயரும் நகர்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் எடை கூடுகிறது. அசையாமல் ஓரிடத்தில் இருந்தால் மிச்சம். எந்த இடம்?

"மணலு காலியா கீது மேடம். ஒரே கலரு, எழுத்து நல்லா நிக்கும்."

அங்கேயே வையுங்கள் என்றேன். வெள்ளைப் பொட்டு, தேசப்பன். நீலப் பொட்டு, முனுசாமி. ஒன்றன் கீழ் ஒன்று.

4.7 எம்பி. பெரிய திரையில் கடைசியாக ஒருமுறை முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டினார். திருப்தி. அவர் ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே நான் 4.40 ரயிலுக்குக் கிளம்பினேன். 5.30க்கு வெளியாகிவிட்டது.

இன்றும் எதுவும் கிடைக்கவில்லை (ஏட்டு, மாலை 6.10). நாளை இன்னும் தெற்கே தள்ளிப் போவார்களாம்.

நவ. 13, வியாழன்

காலை 7.20, பவானியிடமிருந்து போன். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

"யக்கா, நீ நல்லா இருப்ப. எந்தப் பக்கம் மண்ணுனு மட்டும் சொல்லு. இக்கரையா அக்கரையா? பசியா இருப்பாரு, கஞ்சி எடுத்துக்கினு போறேன்."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. படத்தைப் பார்த்தேன் என்கிறார். லைன் கட்.

பழவேற்காடு பஸ் நிறுத்தம், பாய் டீக்கடை. பெஞ்சில் இருவர், நடுவில் ஒரு போன், அதில் என் படம். எட்டிப் பார்த்தேன். ஜிஃப்பாக, போனில், நான் அதைப் பார்த்தது அப்போதுதான் முதல்முறை.

படகு வருகிறது. அலை. கவிழ்கிறது. ஒரு வெள்ளைப் புள்ளி மண்திட்டில் ஏறுகிறது. இன்னொரு புள்ளி இல்லை. சாம்பல் நீலம் தண்ணீரின் நீலத்தோடு ஒன்றாகிவிட்டது, முப்பத்திரண்டு நிறத்தில் அதற்கென்று தனியாக ஒன்று ஒதுக்கப்படவில்லை. பெயருக்குப் பக்கத்தில் வைத்த பொட்டுகள் எழுத்தோடு எழுத்தாகப் போய்விட்டன. மிஞ்சியது மண்திட்டும், அதன் மேல் கொட்டை எழுத்தில் தேசப்பன், முனுசாமி. முடிந்து மறுபடி முதலிலிருந்து. படத்தோடு செய்தி வரவில்லை. குரூப் குரூப்பாகப் படம் மட்டும் போயிருக்கிறது.

"ரெண்டு பேருமே மண்ணுல ஏறிகீறாங்க பாய். பேப்பர்லயே போட்டுட்டான்."

"அப்ப தம்பிகாரன் இன்னாத்துக்கு தனியா வந்தான்?" பாய் கேட்டது இது. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சொன்னேன். படம் தவறு என்றும் சொன்னேன். இருவரும் போனைப் பார்த்தார்கள், பிறகு என்னை. நம்பியதாகத் தெரியவில்லை.

குப்பத்தில் ஆறு படகும் விடிந்ததிலிருந்து மண்திட்டில். ஆட்கள் இறங்கி முள்புதரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தெற்கே ஒரு படகுகூட இல்லை. அதிகாரிகள் அனுப்பிய ஆட்களும் கரையோரம்தான். அவர்களில் ஒருவர் தன் போனையே என்னிடம் நீட்டினார். "உங்க நியூஸ பாத்துட்டு தான் மேடம் இந்தப் பக்கம் வந்தோம்."

ஊர்ப் பஞ்சாயத்தார் நால்வரிடம் சொன்னேன். தவறு என்னுடையது, அவர் மண்ணில் ஏறவில்லை, தெற்கே தேடுங்கள். மூத்தவர் கேட்டார்:

"தப்புனா எதுக்குமா போட்ட? நேத்து ஏறிட்டாருன்ற, இன்னிக்கு ஏறலன்ற. யாரனா உன்ன மாத்தி சொல்ல சொன்னாங்களா?"

இல்லை என்றேன்.

"போட்டோ பொய் சொல்லுமா?"

இது போட்டோ இல்லை, வரைந்தது. இதைப் புரியவைக்க முக்கால் மணி நேரம். அதற்குள் காற்று ஏறிவிட்டது. அதற்கு மேல் தெற்கே யாரும் படகு எடுக்கவில்லை. ஒரு முழு நாள் போயிற்று.

தேசப்பன் வீட்டு வாசலில் கூட்டம். பவானி கையில் தூக்குச் சட்டி, மூடி திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் தான ஏறினீங்க? அவர எங்க உட்டுட்டு வந்த, சொல்லு! போன வாரம் எஞ்சினுக்கு சண்ட போட்ட இல்ல?"

"அண்ணி, சத்தியமா அண்ணி. அவரு தெக்கால பூட்டாரு. நான் கத்தினேன், கேக்கல."

"மண்ணுல அவரு பேரு கீது! உம் பேருக்கு கீழயே கீது!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "வாயத் தொறடா. ஊமையா நீ?" தேசப்பன் என்னைப் பார்த்தார். நான் குறுக்கே போய்ச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. பவானி நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி தேசப்பனிடமே திரும்பினார்.

ஸ்டெல்லாவுக்குப் போன். "போன்ல ஒருவாட்டி தொறந்து பாத்திருக்கணும் மேடம் நான்."

பார்த்திருக்க வேண்டியது நான். இத்தனை வருடத்தில் ஒரு செய்தியையும் அச்சுப்படி பார்க்காமல் விட்டதில்லை. இதற்கு அச்சுப்படி எது என்றே எனக்குத் தோன்றவில்லை. மூலத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கப் போவதை நான் பார்க்கவில்லை.

பழைய படம் நம் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது, மாலை 4.00. சாப்பிடவில்லை. பால் திரிந்திருந்தது.

நவ. 14, வெள்ளி

மேகமூட்டம். முதல் ரயிலில் மீஞ்சூர். ஸ்டெல்லா எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். மேஜையில் மூன்று போன்கள்: அவருடையது, கணவருடையது, கண்ணாடி உடைந்த பழையது ஒன்று.

மாற்றியவை: முனுசாமிக்குச் சிவப்பு, பெரிய புள்ளி, சுற்றிக் கறுப்பு வளையம். அந்தச் சிவப்பை நிறப் பட்டியலில் பூட்டி வைத்துவிட்டார், இனி எத்தனை குறைத்தாலும் அது போகாது. நிறம் 128. பெயர்கள் அவரவர் புள்ளியோடு நகரும். மண்திட்டின் மேல் எழுத்து எதுவும் இல்லை. விளக்கம் படத்துக்குள்ளேயே, பெரிய எழுத்தில்: ஒருவர் கரை சேர்ந்தார். ஒருவரைக் காணவில்லை. கடைசிப் படம் நான்கு விநாடி அசையாமல் நிற்கும்.

9.8 எம்பி. ஆசிரியர், மறுபடி நிறத்தைக் குறைக்க முடியாதா என்றார். முடியாது. கரையிலிருந்து கிளம்புவதை வெட்டினோம். நேரே முகத்துவாரம். பதினொரு விநாடி, 4.9.

பதினோராவது முறை ஜிஃப்பாக எடுத்ததுதான் மூன்று போனிலும் சரியாக வந்தது. உடைந்த போனில் விரிசலுக்கு அடியிலும் சிவப்பு தெரிந்தது. ஸ்டெல்லாவின் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். கதை எதுவும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். "ஒருத்தர் கரைக்கு வந்துட்டாரு. ஒருத்தர் கடல்ல." பிறகுதான் அனுப்பினேன்.

ஆசிரியர் "மேம்படுத்தப்பட்ட படம்" என்று தலைப்பிட விரும்பினார். திருத்தம் என்று போடுங்கள் என்றேன். என்ன தவறு, யாருடைய தவறு, இரண்டும் வேண்டும். பத்து நிமிட வாக்குவாதம். போட்டார், சிறிய எழுத்தில்.

12.40, மீன் இறங்குதளம். படகு படகாகப் போய் என் போனைக் காட்டினேன். நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், கையைத் துடைக்காமலே பார்த்தார்.

"அப்ப நேத்து வந்தது?"

"அதில் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார், என் தவறு."

"தெக்க போனாருனு உனக்கு யார் சொன்னது?"

"தேசப்பன்."

"அவன் மட்டும் தானா?"

அவர் மட்டும்தான். படகு தெற்கே கிடைத்ததைச் சொன்னேன். "போட்டு போவும். ஆளு போட்ட உட்டுட்டு ஏறியிருந்தா?" என்றார். பதில் இருக்கிறது, நீரோட்டம், தூரம், உள்ளங்கைக் காயம். எதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நண்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஆனாலும் 2.15க்கு நான்கு படகுகள் தெற்கே போயின. மற்ற இரண்டு மண்திட்டுக்கு. பவானி அந்த இரண்டில் ஒன்றில், பெண்கள் ஏறக் கூடாது என்று யார் சொல்லியும் கேளாமல்.

குரூப்பில் திருத்தம் வந்த பிறகும் பழையதுதான் வெளியூர்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கீழே எழுதியிருக்கிறார்: எது ஒரிஜினல்?

தேசப்பன் வீடு உள்பக்கம் தாழ். கூப்பிட்டேன். "நீ போ யக்கா. நீ வந்தா இன்னும் பேஜாரு" என்றார், கதவுக்குப் பின்னாலிருந்து. கோபம் இல்லை அந்தக் குரலில்.

நவ. 15, சனி

வெயில். ஆண் உடல் ஒன்று, தெற்கே, கரை ஒதுங்கியது. கரைவலை இழுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏட்டு, காலை 7.15. பிறகு 8.30க்கு நேரில் அவரே.

முகம் அடையாளம் தெரியவில்லை. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. சட்டை இல்லை.

"ரெண்டு நாள் முன்னாடி, வியாழக்கிழமையே கிடைச்சிருந்தா முகம் தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றார் ஏட்டு. என்னைக் குத்திச் சொன்னதாக இல்லை. வேலையில் கண்டதைச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். செய்தியில் இது வரும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், இந்த வரி இல்லாமல் என் பெயரில் எதுவும் வேண்டாம்.

உடல் பொன்னேரி ஜி.ஹெச்.சுக்கு. வண்டி குப்பத்து வழியாகப் போகவில்லை.

சுண்டுவிரல்: தேசப்பன் கதவைத் திறந்தார் இதற்கு. "சின்ன வயசுல நங்கூரத்துல மாட்டிக்கிச்சி. எங்கண்ணன் தான் யக்கா." கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வந்து பாக்குறேன். எங்க வரணும்?"

பவானிக்கும் சொன்னேன், விரலையும் சேர்த்து. மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். பவானி முகத்தில் எதுவும் மாறவில்லை.

"கடல்ல வேல செய்றவனுக்கு வெரல் போறது இன்னா அதிசயமா? ஊருக்கு நாலு பேரு கீறான்."

புதிய படத்தைத் திறந்து காட்டினேன். கடைசிவரை பார்த்தார். நான்கு விநாடி நிற்கும்வரைகூட.

"இது நீ பயந்துக்கினு மாத்தினது. மொதல்ல போட்டப்ப உனக்கு பயம் இல்ல."

வாதிடவில்லை. வாதிட்டு ஜெயித்தால் அவருக்கு மிஞ்சுவது என்ன என்று தெரியும்.

கிளம்பும்போது மகள் மெதுவாக, "யம்மா, போய் பாத்துட்டு தான் வருவோமே" என்றாள். பவானி என்னிடம் சொன்னார்: "வரேன். பாக்குறேன். இல்லனு சொல்லிட்டு வரேன். ஆனா அவன் வரக் கூடாது. அவன் கண்ணு அவரு மேல படக் கூடாது."

தேசப்பனிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அண்ணிக்கு நீ தான யக்கா சொல்லணும்" என்றார். சொன்னேன், மூன்று நாளாகச் சொல்கிறேன். "சரி" என்றார்.

ஏட்டிடம் கேட்டது: அடையாளம் காட்ட யார் வேண்டும்? மனைவி காட்டினால் போதும். மனைவி இல்லை என்று சொல்லிவிட்டால், தம்பி சொல்வதை வைத்து மட்டும் ஒப்படைக்க மாட்டார்கள். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எத்தனை வாரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுவரை உடல் பிணவறையில்.

நிலுவை: அடையாளம் காட்டுதல், நாளை ஞாயிறு காலை 10, பொன்னேரி. டாக்டர் வருவதாக உறுதி (ஏட்டு, மாலை 5.50). தேசப்பன் ஏழு மணி பஸ்ஸுக்கு நிற்பேன் என்கிறார், உள்ளே விடாவிட்டாலும் வாசலில் இருப்பாராம். அவர் ஏறினால் பவானி ஏற மாட்டார். அடுத்த பஸ் எட்டேகால்.